'வரை' வருகிற இடமெல்லாம் 'அஸ் ஃபார் அஸ்' வராது

பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து சேர்வார்கள். அனேகமானோர் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களிலும் சின்ன விடுதிகளிலும் வேலை செய்கிறவர்கள். இரண்டு பேர் ஓட்டோ ஓடுகிறவர்கள், ஒரு தங்கச்சி மூதூரிலிருந்து வந்து இங்கே தங்கிப் படிக்கிறவர். இலக்கணப் புத்தகம் எதையும் நான் விரிப்பதில்லை. அன்றைக்கு வேலையில் யாருக்கு எந்த இடத்தில் வாய் தடுமாறியதோ அங்கிருந்துதான் ஆங்கிலப் பாடம் தொடங்கும். அப்படித் தொடங்கி, நாங்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற சொற்றொடர் ஒன்று இருக்கிறது: "அஸ் ஃபார் அஸ்". இதை வைத்து ஒரு மாதம் கதைக்கலாம் என்று எனக்குத் தோன்றும், அவ்வளவு விசயம் இதற்குள் கிடக்கிறது. வகுப்புக்கு வர முடியாதவர்களுக்காக அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. இந்தச் சொற்றொடரின் உட்பொருள் தமிழ் தெரிந்தவருக்குப் புதிதே இல்லை. "நிலாவெளி வரை பஸ் போகும்" என்று சொல்கிறோம், அது தூரம். "எனக்குத் தெரிந்த வரையில் இன்றைக்குப் பஸ் இல்லை" என்றும் சொல்கிறோம், அங்கே தூரம் எதுவும் இல்லை, என் அறிவு எட்டுகிற எல்லையைத்தான் சொல்கிறோம். நிலத்தில் நடந்த "வரை" அப்படியே மனசுக்குள்ளும் நடந்து வருகிறது. ஆங்கிலமும் இதே வேலையைத்தான் செய்கிறது. "த பஸ் கோஸ் அஸ் ஃபார் அஸ் நிலாவெளி" என்பது தூரம், "அஸ் ஃபார் அஸ் ஐ நோ" என்பது அறிவின் எல்லை. இரண்டு மொழியும் ஒரே பாதையில் நடந்திருப்பதைப் பார்க்க எனக்கு இன்னமும் ஆச்சரியமாக இருக்கும்.

சிக்கல் வேறு இடத்தில். நம்முடைய "வரை" இடத்துக்கும் வரும், நேரத்துக்கும் வரும், எண்ணிக்கைக்கும் வரும். ஐந்து மணி வரை, ஆறு பேர் வரை, கோயில் வரை, உயிர் உள்ள வரை, எல்லாவற்றுக்கும் ஒரே சொல். எங்கள் பக்கத்துப் பேச்சில் "மட்டும்" என்றும் சொல்வோம்: "அஞ்சு மணி மட்டும் நிண்டனான்", "கந்தளாய் மட்டும் போய் வந்தம்". (தமிழ்நாட்டிலிருந்து வாசிக்கிறவர்கள் இந்த "மட்டும்" என்பதைக் கேட்டு "கந்தளாய்க்கு மாத்திரம் போனீர்களா" என்று நினைக்க வேண்டாம், இது "வரைக்கும்" என்பதற்கு நாங்கள் சொல்கிற சொல்.) ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல்லின் வேலையை நாலைந்து சொற்கள் பங்கு போட்டுச் செய்கின்றன. நாம் அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் போடும்போதுதான் கேட்கிறவர் முழிக்கிறார்.

வகுப்புக்கு வருகிற ஓட்டோக்காரத் தம்பி ஒருநாள் வெளிநாட்டுப் பயணி ஒருவரைக் கோணேசர் கோயிலுக்கு ஏற்றிப் போயிருக்கிறார். ஐந்து மணி வரை நிற்கிறேன், ஆறுதலாகக் கும்பிட்டு வாருங்கள் என்று சொல்ல நினைத்து, "ஐ வெயிட் அஸ் ஃபார் அஸ் ஃபைவ்" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா உடனே "ஃபைவ் கிலோமீட்டர்ஸ்?" என்று கேட்டாராம். தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை, நேரத்தைத்தானே சொன்னேன் என்று நின்றார். அந்த அம்மாவின் காதில் "ஃபார்" விழுந்த உடனே மனசு தூரத்துக்குப் போய்விட்டது, பிறகு வந்த ஐந்து என்பது கிலோமீற்றராகிவிட்டது. சொல்ல வேண்டியது "ஐ வில் வெயிட் டில் ஃபைவ்". அவ்வளவுதான்.

அப்போ எப்படிப் பிரித்தெடுப்பது? நான் சொல்லிக்கொடுக்கிற வழி ஒன்றே ஒன்று. வாயில் "வரை" வந்தவுடன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த "வரை" எந்தக் கேள்விக்குப் பதில்? "எவ்வளவு தூரம்?" அல்லது "எந்தளவுக்கு?" என்ற கேள்விக்குப் பதிலாக நின்றால் "அஸ் ஃபார் அஸ்". "எப்ப மட்டும்?" என்ற கேள்வி என்றால் "டில்" அல்லது "அன்டில்". "எத்தனை பேர், எத்தனை ரூபா?" என்றால் "அப் டு": ஓட்டோவில் மூன்று பேர் வரை ஏறலாம், "அப் டு த்ரீ பீப்பிள்". அப்புறம், ஒரு நிலைமை நீடிக்கிற காலம் முழுவதையும் சொல்கிற "வரை" ஒன்று இருக்கிறது. நீங்கள் இங்கே தங்கியிருக்கும் வரை இந்தச் சைக்கிளை வைத்திருக்கலாம் என்பது போல. அதற்கு "அஸ் லோங் அஸ்". "அஸ் லோங் அஸ் யூ ஸ்டே ஹியர்". இதையும் "அஸ் ஃபார் அஸ்" என்பதையும் மாற்றிப் போடுகிறவர்கள் நிறைய, இரண்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பதால்.

சரி, இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தூரத்திலிருந்து தொடங்கலாம், அதுதான் இதன் சொந்த ஊர்.

"த பஸ் கோஸ் டு நிலாவெளி" என்பதற்கும் "த பஸ் கோஸ் அஸ் ஃபார் அஸ் நிலாவெளி" என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவது, பஸ் நிலாவெளிக்குப் போகிறது, அவ்வளவே, அதற்கு அப்பாலும் போகலாம். இரண்டாவதில் ஒரு கோடு கீறப்படுகிறது: நிலாவெளி மட்டும்தான், அதற்கு அங்கால் இல்லை. குச்சவெளிக்கோ புல்மோட்டைக்கோ போக வேண்டியவருக்கு இந்த வித்தியாசம் சின்ன விசயம் இல்லை, வெயிலில் இடைவழியில் இறங்கி நிற்க வேண்டி வரும். அதனால் பயணிக்கு வழி சொல்லும்போது, வண்டி எங்கே நின்றுவிடும் என்பதைச் சொல்ல வேண்டுமானால் "அஸ் ஃபார் அஸ்" போடுங்கள். வெறுமனே போகுமிடத்தைச் சொல்ல "டு" போதும். முன்னுக்கு "ஒன்லி" சேர்த்தால் இன்னும் தெளிவு: "இட் ஒன்லி கோஸ் அஸ் ஃபார் அஸ் நிலாவெளி".

ரயிலை வைத்து இன்னொன்று. கொழும்பிலிருந்து வருகிற பாதை கல்லோயாச் சந்தியில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று திருகோணமலைக்கும் மற்றது மட்டக்களப்புக்கும் போகிறது. இதை ஆங்கிலத்தில் சொல்ல "அஸ் ஃபார் அஸ்" போல வசதியானது வேறில்லை: "த லைன் இஸ் த ஸேம் அஸ் ஃபார் அஸ் கல்லோயா ஜங்ஷன்". சந்தி வரைக்கும் ஒன்று, பிறகு வேறு. இந்த ஒரு வசனத்தை மனசில் படமாகக் கீறி வைத்தால் இந்தச் சொற்றொடரின் குணமே பிடிபட்டுவிடும். அது எப்போதும் ஒரு எல்லைக்கல்லை நட்டுவிட்டுத்தான் பேசும்.

நடந்து போகிறவருக்கு வழி சொல்லும்போது நம்மவர்கள் "வோக் டில் த கோவில்" என்பார்கள். விளங்கும், இல்லை என்று சொல்லவில்லை, இலங்கையிலும் இந்தியாவிலும் எல்லாரும் அப்படித்தான் கதைக்கிறோம். ஆனால் எழுதும்போதும் நேர்முகப் பரீட்சையிலும் அது பிழையாகத்தான் பார்க்கப்படும், ஏனென்றால் "டில்" நேரத்துக்குரிய சொல். "வோக் அஸ் ஃபார் அஸ் த கோவில்" என்று சொல்லுங்கள். "டில்" என்பதை விட மனமில்லை என்றால் பின்னால் ஒரு வினைச்சொல்லைச் சேர்த்துவிடுங்கள்: "வோக் அன்டில் யூ ரீச் த கோவில்". கோயிலை அடைகிற அந்த நேரம் வரை என்று அது காலமாக மாறிவிடுகிறது, அதனால் சரி.

இதே இடத்தில் "ஃபார்" என்ற தனிச்சொல்லைப் பற்றியும் ஒரு சொல். "ஹவ் ஃபார் இஸ் கன்னியா?" என்று பயணி கேட்பார், வெந்நீர்க் கிணறு ஏழையும் பார்க்க எல்லாருக்கும் ஆசை. "இட் இஸ் நொட் ஃபார்" என்று பதில் சொல்லலாம், அழகான பதில். ஆனால் அனுராதபுரம் தூரம் என்று சொல்ல "இட் இஸ் ஃபார்" என்றால் கேட்கிறவர் காதுக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். கேள்வியிலும் மறுப்பிலும்தான் "ஃபார்" தனியாக நன்றாக நிற்கும், ஆம் என்று சொல்கிற வசனத்தில் அவர்கள் "எ லோங் வே" என்பார்கள்: "அனுராதபுரம் இஸ் எ லோங் வே ஃப்ரொம் ஹியர்". "டூ ஃபார்", "வெரி ஃபார்" என்று முன்னுக்கு ஒன்றைச் சேர்த்தால் பரவாயில்லை.

ஒப்பிடுகிற "அஸ் ஃபார் அஸ்" வேறு ஒன்று இருக்கிறது, உருவம் ஒன்றுதான், வேலை வேறு. "நிலாவெளி இஸ் நொட் அஸ் ஃபார் அஸ் குச்சவெளி" என்றால் குச்சவெளி அளவு தூரம் நிலாவெளி இல்லை என்று அர்த்தம். இது "அஸ் டோல் அஸ்", "அஸ் பிக் அஸ்" வகையறா. இதில் குழம்ப ஒன்றுமில்லை, கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "அஸ் ஃபார் அஸ் ஐ நோ" என்பதும் "அஸ் ஃபார் அஸ் ஐயாம் கொன்சேர்ன்ட்" என்பதும்.

தமிழில் இவை இரண்டும் தனித்தனிதான்: "எனக்குத் தெரிந்த வரையில்", "என்னைப் பொறுத்த வரையில்". தமிழில் கதைக்கும்போது யாரும் மாற்றிப் போடுவதில்லை. ஆங்கிலத்துக்குப் போனவுடன் எப்படியோ ஒன்றின் இடத்தில் மற்றது வந்து விழுகிறது. இரண்டாவது கொஞ்சம் நீளமாக, படித்த மாதிரி இருப்பதால் பலருக்கு அதில்தான் ஆசை. எனக்கும் இருந்தது. அதனால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பல வருசத்துக்கு முந்தி நான் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். மார்கழி மாதம், மழையும் காற்றுமாகக் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்த நாட்கள். ஒரு பெண்மணி வந்து நாளைக்குப் புறாத்தீவுக்குப் படகு போகுமா என்று கேட்டார். புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து பார்த்தாலே தெரிகிற தூரம்தான், ஆனாலும் மாரியில் கடல் விட வேண்டும். எனக்குத் தெரிந்த வரையில் படகு இல்லை என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது, "அஸ் ஃபார் அஸ் ஐயாம் கொன்சேர்ன்ட், தேர் இஸ் நோ போட்". அவர் கையிலிருந்த பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "அண்ட் அஸ் ஃபார் அஸ் த போட்மன் இஸ் கொன்சேர்ன்ட்?" என்று மெதுவாகக் கேட்டார். உங்களைப் பொறுத்தவரை இல்லை, சரி, படகுக்காரரைப் பொறுத்தவரை என்ன என்று. அப்போதுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது உறைத்தது. உனக்குப் படகு இல்லை, அதுதான் என் முடிவு, போ என்று சொன்ன மாதிரி அவருக்குக் கேட்டிருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்டு, படகுக்காரருக்குப் போன் போட்டேன். விடிய ஏழு மணிக்குக் கடலைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அந்தப் பதிலை அவரிடம் சொன்ன பிறகுதான் முகம் இளகியது.

இந்த வித்தியாசத்தை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் உள்ளபடியான ஒரு விசயம், அது உண்மையா பொய்யா என்று போய்ப் பார்க்கலாம், ஆனால் எனக்கு முழு நிச்சயம் இல்லை: அங்கே "அஸ் ஃபார் அஸ் ஐ நோ". பஸ் நேரம், கடை திறந்திருக்கிறதா, படகு போகுமா எல்லாம் இதற்குள் வரும். என் அபிப்பிராயம், என் பக்கம், எனக்கு ஆட்சேபணை உண்டா இல்லையா என்பது: அங்கே "அஸ் ஃபார் அஸ் ஐயாம் கொன்சேர்ன்ட்". "என்னைப் பொறுத்தவரை நீங்கள் காலையில் பதினொரு மணிக்குக் கிளம்பினாலும் சரி" என்பது நல்ல உபயோகம். பணிவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் இதைக் கவனமாகப் பாவியுங்கள், மற்றவர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை என்ற ஒரு இறுக்கம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். வாடிக்கையாளரோடு கதைக்கும்போது "இன் மை ஒபினியன்" அல்லது வெறும் "ஐ திங்க்" மெத்தென்று இருக்கும்.

"கொன்சேர்ன்ட்" என்ற சொல்லிலும் பிழைகள் நடக்கும். "அஸ் ஃபார் அஸ் ஐயாம் கொன்சிடர்" என்று ஒருவர் விண்ணப்பக் கடிதத்திலேயே எழுதிக் கொண்டு வந்தார், அது வேறு சொல். "அஸ் ஃபார் அஸ் கொன்சேர்ன்ட் டு மி" என்றும் வரும், அதுவும் பிழை. யாரைப் பற்றிப் பேச்சோ அவரை நடுவில் வைத்து, அவருக்கு ஏற்ற "ஆம்", "இஸ்", "ஆர்" போட வேண்டும்: ஐ என்றால் ஆம், த ஃபூட் என்றால் இஸ், த ரூம்ஸ் என்றால் ஆர். கடைசியில் "கொன்சேர்ன்ட்". இந்த வாலை விட்டுவிட்டு "அஸ் ஃபார் அஸ் த ஃபூட், வி ஆர் ஹப்பி" என்று ஆங்கிலேயரும் அமெரிக்கரும் பேச்சில் சொல்வது உண்டு, கேட்டிருப்பீர்கள். நீங்கள் பரீட்சையிலோ கடிதத்திலோ அப்படி எழுத வேண்டாம், மொழி நடை பற்றி எழுதுகிறவர்கள் பலர் அதைக் குறையென்றே சொல்வார்கள்.

வாலை வெட்டி எழுத ஆசையென்றால் அதற்கென்றே ஒரு குறுக்கு வழி இருக்கிறது: "அஸ் ஃபோர்". "அஸ் ஃபோர் த ஃபூட், வி ஆர் ஹப்பி". சாப்பாட்டைப் பொறுத்தவரை, என்று அதே அர்த்தம், பின்னால் "கொன்சேர்ன்ட்" வேண்டாம், இரண்டாவது "அஸ்" வேண்டாம்.

இதைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நம்மவர்கள் எழுதுகிற ஆங்கிலத்தில் நான் அதிகம் காண்கிற பிழை "அஸ் ஃபோர் அஸ் ஐ நோ" என்பது. எஃப், ஏ, ஆர் வரவேண்டிய இடத்தில் எஃப், ஓ, ஆர். வட்ஸ்அப்பில் வரும், முகப்புத்தகத்தில் வரும், பட்டதாரிகளின் கடிதத்திலும் வரும். ஏன் வருகிறது என்று யோசித்துப் பார்த்தால், "அஸ் ஃபோர்" என்று ஒன்று உண்மையிலேயே இருப்பதால், அதுவும் "பொறுத்தவரை" என்ற அர்த்தத்திலேயே இருப்பதால், இரண்டும் மனசில் ஒட்டிக்கொண்டுவிடுகின்றன. கை எழுதும்போது ஒன்றின் தலையும் மற்றதன் வாலும் சேர்ந்து வந்துவிடுகிறது. பின்னால் இரண்டாவது "அஸ்" வருகிறதா, அப்போ நடுவில் ஏ. "ஃபார்" என்றால் தூரம் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள், விரல் தானாக ஏ எழுத்துக்குப் போகும்.

உச்சரிப்பும் இதற்கு உதவும். மூன்று சொல்லையும் தனித்தனியாக, ஒவ்வொன்றையும் அழுத்திச் சொல்லாதீர்கள். நடுவிலிருக்கிற "ஃபார்" மட்டும் அழுத்தம், நீளம். முன்னும் பின்னும் வருகிற "அஸ்" இரண்டும் மெல்லியவை, ஸ் என்பது வண்டு ரீங்காரம் மாதிரி அதிர வேண்டும். ஃபார் முடிகிற ரகரம் அடுத்த அகரத்தோடு சேர்ந்து "அஸ்ஃபாரஸ்" என்று ஒரே மூச்சில் வரும். வெளிநாட்டவர் வேகமாகக் கதைக்கும்போது நமக்கு இது விளங்காமல் போவதற்கு இந்த ஒட்டுத்தான் காரணம். பத்துத் தரம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், பிறகு அடுத்தவர் வாயில் வரும்போது காது தானாகப் பிடிக்கும்.

"அஸ் ஃபார் அஸ் ஐ நோ" என்பதற்குத் தம்பி தங்கச்சிகள் சிலர் உண்டு. "அஸ் ஃபார் அஸ் ஐ ரிமெம்பர்" என்றால் எனக்கு ஞாபகம் உள்ள வரையில். "அஸ் ஃபார் அஸ் ஐ கேன் டெல்" என்றால் நான் பார்த்து விளங்கிக்கொண்ட மட்டில், அதாவது இப்போது கண்முன் தெரிவதை வைத்துச் சொல்கிறேன் என்று. ஓட்டோ பழுதாகி நிற்கும்போது "அஸ் ஃபார் அஸ் ஐ கேன் டெல், இட்ஸ் த பற்றரி" என்று சொல்லலாம். அரட்டையில் ஏ.எஃப்.ஏ.ஐ.கே. என்று ஐந்து எழுத்தாக எழுதுவது "அஸ் ஃபார் அஸ் ஐ நோ" என்பதைத்தான். நண்பர்களுக்குள் போதும், முகாமையாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை, இது மொழியை விட வேலை சம்பந்தப்பட்டது. உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றுக்கு "அஸ் ஃபார் அஸ் ஐ நோ" போடாதீர்கள். காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று விருந்தாளி கேட்க, "அஸ் ஃபார் அஸ் ஐ நோ, செவன் தேர்ட்டி" என்று வரவேற்பு மேசையிலிருந்து சொன்னால், இவருக்குத் தன் விடுதியைப் பற்றியே தெரியாதா என்றுதான் அவர் நினைப்பார். நிச்சயம் தெரிந்ததை நேராகச் சொல்லுங்கள்.

அப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம். சுவாமி மலையில் கோணேசர் கோயில் வாசலுக்குப் பக்கத்தில் நின்று கிழக்கே பார்த்தால் கடலும் வானமும் தவிர ஒன்றும் இல்லை. அங்கே நின்று சொல்ல வேண்டிய வசனம் "சீ, அஸ் ஃபார் அஸ் தி ஐ கேன் சீ". முதல் "சீ" கடல், கடைசி "சீ" பார்ப்பது. இதில் கண் ஒருமையில்தான் வரும். நமக்கு இரண்டு கண் என்று "ஐஸ்" போட வேண்டாம். தமிழிலும் "கண்ணுக்கெட்டிய தூரம்" என்றுதானே சொல்கிறோம், கண்களுக்கு எட்டிய என்று சொல்வதில்லையே. வழிகாட்டியாக வேலை செய்கிற பிள்ளைகளுக்கு இதை நான் மனப்பாடமே பண்ணச் சொல்வேன், அந்த இடத்தில் அது அவ்வளவு பொருத்தம்.

"ஏலுமான வரை" என்பதற்கு "அஸ் ஃபார் அஸ் பொசிபிள்". ஏலுமான வரை பிளாஸ்ரிக் போத்தலைத் தவிருங்கள் என்று அறிவித்தல் எழுதலாம். "ஏலுமான கெதியில்" என்றால் "அஸ் சூன் அஸ் பொசிபிள்", இது எல்லாருக்கும் தெரியும், ஆகையால் விடுகிறேன்.

"அவ்வளவு தூரம் போக மாட்டேன்" என்று நாங்கள் சொல்கிற மாதிரி ஆங்கிலத்திலும் இருக்கிறது: "ஐ வுடின்ட் கோ தட் ஃபார்". இலங்கையிலேயே நல்ல கடற்கரை இதுதானா என்று ஒருவர் கேட்கிறார். நல்லதுதான், ஆனால் அந்த அளவுக்குச் சொல்ல மாட்டேன் என்று நேர்மையாகச் சொல்ல இதைவிட நல்ல வசனம் கிடையாது. (என்னைக் கேட்டால் நிலாவெளிக்கு நான் அவ்வளவு தூரம் போவேன், அது வேறு கதை.) கொஞ்சம் நீட்டினால் "ஐ வுடின்ட் கோ ஸோ ஃபார் அஸ் டு ஸே" என்று வரும், பின்னுக்கு எதைச் சொல்ல மாட்டீர்களோ அதைச் சேர்க்கலாம்.

காலத்துக்கு "அஸ் ஃபார் அஸ்" வராது என்று மேலே சொன்னேன். அதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, பின்னோக்கிப் போகும்போது. நடுவில் "பேக்" சேர்த்து "அஸ் ஃபார் பேக் அஸ்". காலத்தை ஒரு பாதையாக நினைத்து அதில் பின்னால் நடந்து போகிற மாதிரி. "த பிரிட்டிஷ் டுக் த ஃபோர்ட் அஸ் ஃபார் பேக் அஸ் 1795" என்றால், 1795ஆம் ஆண்டிலேயே பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள், அவ்வளவு பழைய கதை என்ற தொனி. பிறகு 1803இல்தான் அதற்கு ஃபிரெட்ரிக் கோட்டை என்ற பெயர் வந்தது. எவ்வளவு பழசு என்று வியப்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் இது பொருந்தும், நேற்று முந்தநாள் நடந்ததற்குப் போட முடியாது. "அஸ் ஃபார் பேக் அஸ் ஐ கேன் ரிமெம்பர்" என்றால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து. கோட்டைக்குள் மான்கள் நிற்பது எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து.

"ஸோ ஃபார்" என்பதும் காலம்தான், "இதுவரை". இப்போது நிற்கிற இடம் வரைக்கும் நடந்து வந்த பாதை. அதனால் "ஹாவ்" சேர்ந்த வினையோடு வரும்: "வி ஹாவ் ஸீன் டூ வேல்ஸ் ஸோ ஃபார்", இதுவரை இரண்டு திமிங்கிலம் பார்த்தோம். முடிந்துபோன பயணத்தைப் பற்றிச் சொல்லும்போது "ஸோ ஃபார்" போட முடியாது, படகு கரைக்கு வந்துவிட்டதென்றால் வெறும் "வி ஸோ டூ வேல்ஸ்".

பழகுவதற்கு நான் சொல்கிற வேலை இதுதான். ஒருநாள் முழுக்க உங்கள் வாயிலிருந்தும் பக்கத்தில் இருப்பவர் வாயிலிருந்தும் வருகிற "வரை", "மட்டும்", "வரைக்கும்" எல்லாவற்றையும் போனில் குறித்து வையுங்கள். பஸ்ஸில் போகும்போது பத்து நிமிடத்தில் ஐந்தாறு கிடைக்கும், நடத்துனர் ஒருவரே மூன்று தருவார். பின்னேரம் இருந்து ஒவ்வொன்றுக்கும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்: எவ்வளவு தூரம், எந்தளவு, எப்ப மட்டும், எத்தனை. மூதூர்த் தங்கச்சி ஒரு கிழமை இப்படிச் செய்துவிட்டு வந்து, ஒரே சொல்லை இவ்வளவு வேலைக்கு வைத்திருக்கிறோமா சேர் என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்த பிறகு அவர் இதில் பிழைவிட்டு நான் கேட்டதில்லை.

முடிக்க முன், வகுப்பில் நான் கொடுக்கிற ஒரு சோடி வசனத்தைத் தருகிறேன், செய்து பாருங்கள். கிண்ணியாப் பாலம் எல்லாருக்கும் தெரியும், 396 மீற்றர், 2009இல் திறந்தார்கள், அதற்கு முந்திப் பாதையில் (ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடக்கிற மிதவையை நாங்கள் "பாதை" என்போம்) ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். ஒன்று: "பாலம் முடியும் வரை நடந்தோம்". மற்றது: "பாலம் கட்டி முடியும் வரை பாதையில்தான் போனோம்". இரண்டிலும் பாலம், இரண்டிலும் "முடியும் வரை". முதலாவது எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதற்குப் பதில், "வி வோக்ட் அஸ் ஃபார் அஸ் தி எண்ட் ஒஃப் த பிரிட்ஜ்". இரண்டாவது எப்ப மட்டும் பாதையில் போனோம் என்பதற்குப் பதில், "வி டுக் த ஃபெரி அன்டில் த பிரிட்ஜ் வோஸ் ஃபினிஷ்ட்".